கிளையை எங்கே வெட்டுவது?
மரம் ஏறிக் கவாத்து செய்வோருக்குச் சில யோசனைகள்

(வானொலியில் ஒலிபரப்பான உழவர் உரை)



பயிருக்கு நோய் வந்தால் மருந்து சொல்ல எங்களைப் போன்ற அலுவலர்கள் இருக்கிறோம். மாட்டுக்கு நோய் வந்தால் கால்நடை மருத்துவர் வருகிறார். ஆனால் தாத்தா காலத்து மாமரத்தில் பெருங்கிளை பட்டுப்போனால் யார் வருகிறார்கள்? அரிவாளையும் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள்தான் வருகிறீர்கள். இங்கிலாந்தில் இந்தத் தொழில் செய்பவரை மரத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்பவர் என்றே அழைக்கிறார்கள். அது வெறும் பட்டம் இல்லை. நீங்கள் வெட்டுகிற இடம் நாலு விரற்கடை தள்ளிப்போனால் மரத்தின் ஆயுள் குறைந்துவிடுகிறது. நீங்கள் கால் வைக்கிற இடம் தவறினால் உங்கள் ஆயுளே போய்விடுகிறது. ஆகவே இன்றைக்கு மரத்தின் உயிர், உங்கள் உயிர் என்ற இரண்டு விஷயங்களைப் பற்றி மட்டும் பேசுவோம்.

மரத்துப் புண் ஆறுவது எப்படி?

நம் உடம்பில் புண் பட்டால் கெட்ட சதை போய், அதே இடத்தில் புதுச்சதை வளர்கிறது. மரத்தில் அப்படி இல்லை. வெட்டுப்பட்ட கட்டை வெட்டுப்பட்டதுதான். மரம் என்ன செய்கிறது என்றால், புண்ணைச் சுற்றி உள்ளுக்குள்ளே ஒரு சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துக்கொள்கிறது. அதன் பிறகு வருஷா வருஷம் புதுக்கட்டையும் பட்டையும் உதடு மாதிரி சுருண்டு வந்து புண்ணை மேலே மூடுகின்றன. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற அறிஞர் ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, இந்த உண்மையை 1977-இல் தெளிவாக எழுதி வைத்தார். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் கவாத்து செய்யும் முறையே மாறிவிட்டது.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். கீழ்ப்புறம் சற்றே புடைத்து வளையம் போல் இருக்கும். இதைக் கிளையின் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். மேல்புறம், கவட்டையில், பட்டை மடிந்து சின்ன வரப்பு போல் தெரியும். மரம் எழுப்பும் சுவர் இந்தக் கழுத்துக்குள்தான் அமைகிறது. புண்ணை மூடும் உதடும் இங்கிருந்துதான் வளர்கிறது. ஆகவே கழுத்தை வெட்டவும் கூடாது. கழுத்துக்கு வெளியே முளை விடவும் கூடாது.

ஆனால் நடைமுறையில் என்ன பார்க்கிறோம்? "சுத்தமா மழிச்சு விடுப்பா, பார்க்க அழகா இருக்கணும்" என்கிறார் தோட்டத்துக்காரர். கழுத்தோடு சேர்த்து வழித்துவிடுகிறோம். புண் பெரிதாகிறது, மரத்தின் கதவு திறந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், "அடுத்த வருஷம் ஏறுறதுக்கு மிதிகட்டையா இருக்கட்டும்" என்று ஒரு முழம் முளை விட்டுவிடுகிறோம். இலை இல்லாத முளைக்கு மரம் சோறு போடாது. அது காய்ந்து உளுத்து, அந்த உளுப்பு அடிமரத்துக்குள் இறங்குகிறது. மிதிகட்டை என்று விட்டோமே, அதே முளை ஒருநாள் காலடியில் முறிகிறது. மரத்துக்குச் செய்த கெடுதல் நமக்கே திரும்பி வருகிறது, பார்த்தீர்களா?

மூன்று வெட்டு முறை

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. பாதி வெட்டும்போதே கிளை தன் கனத்தால் தொங்கி, அடிமரத்துப் பட்டையை இரண்டு முழத்துக்கு உரித்துக்கொண்டு விழும். இதைப் பார்க்காதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். இதற்கு மூன்று வெட்டு முறை இருக்கிறது.

முதல் வெட்டு: அடிமரத்திலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில், கீழிருந்து மேலாகக் கால்வாசிப் பருமனுக்கு வாளால் அறுக்க வேண்டும்.

இரண்டாம் வெட்டு: அதற்கும் நாலு விரற்கடை வெளியே, மேலிருந்து கீழாக அறுக்க வேண்டும். கிளை முறிந்து விழும். பட்டை உரிந்தாலும் முதல் வெட்டோடு நின்றுவிடும்.

மூன்றாம் வெட்டு: மிச்சமுள்ள முளையைக் கழுத்துக்குச் சற்று வெளியே, மேல்புற வரப்பைத் தொடாமல் அறுத்து எடுக்க வேண்டும்.

அரிவாளால் கொத்தினால் வெட்டுவாய் பிளந்துவிடும். விரல் பருமனுக்குக் கவாத்துக் கத்திரி, அதற்கு மேல் கைவாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவாய் எவ்வளவு சிறிதோ அவ்வளவு சீக்கிரம் மூடும். அதனால்தான் கிளை மணிக்கட்டுப் பருமனில் இருக்கும்போதே கழித்துவிட வேண்டும் என்கிறோம். தொடைப் பருமன் ஆன பிறகு வெட்டினால் மூடுவதற்கு முன்பே உளுத்துப்போகலாம்.

மொட்டையடிக்க வேண்டாம்

"புயல் வரப்போகுது, மொட்டையா வெட்டி விட்டுடு" என்று கேட்பவர்கள் 2018 நவம்பரில் அடித்த கஜா புயலுக்குப் பிறகு அதிகமாகிவிட்டார்கள். அவர்கள் பயம் நியாயமானதே. ஆனால் வைத்தியம் சரியில்லை. இலைதான் மரத்தின் அடுப்படி. மொத்த இலையையும் எடுத்துவிட்டால் மரம் சேமித்து வைத்ததைச் செலவழித்துக் கொத்துக் கொத்தாகப் போத்து விடுகிறது. இந்தப் போத்துகள் ஆழமாக வேர்கொண்டவை அல்ல. பட்டையோரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. கீழே வெட்டுவாய் உளுக்க, மேலே போத்து கனக்க, நாலைந்து வருஷத்தில் முன்னைவிட ஆபத்தான மரமாகிவிடுகிறது.

அதற்குப் பதிலாக, காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை, நோய் கண்ட கிளை ஆகியவற்றை முதலில் எடுங்கள். நீளமாக ஓடிய கிளையைக் குறைக்க வேண்டுமானால், நடுவில் வெட்டாமல், பக்கக்கிளை பிரியும் இடத்துக்குக் கொண்டுவந்து வெட்டுங்கள். அந்தப் பக்கக்கிளை, வெட்டும் கிளையில் மூன்றில் ஒரு பங்காவது பருமன் இருக்க வேண்டும். எப்படியானாலும் ஒரு வருஷத்தில் கால்வாசிப் பச்சைக்கு மேல் எடுக்காதீர்கள். கிழமரமானால் இன்னும் குறைவு. காற்று உள்ளே புகுந்து போக வழி செய்தால் போதும். கிளைரிசிடியா போலத் தழைக்காக இளசிலிருந்தே ஒரே உயரத்தில் வெட்டிப் பழக்கிய மரங்கள் விஷயம் வேறு.

மாமரத்தில் அறுவடை முடிந்ததும் ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து செய்யலாம். மற்ற மரங்களிலும் ஐப்பசி அடைமழைக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் வேப்பமரத்து நுனிகள் தீய்ந்தது போல் காய்வதைப் பார்த்துவிட்டு, "மரம் செத்துப்போச்சு, வெட்டிடு" என்று கூப்பிடுகிறார்கள். இது நுனிக்கருகல் நோய். பெரும்பாலான மரங்கள் வெயில் காலத்தில் மறுபடி துளிர்த்துவிடும். கோடாலியை எடுக்காமல், ஒரு கோடை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

புண்ணுக்குப் பூச்சு வேண்டுமா?

தார் பூசுவது, பொந்தில் சிமெண்டு அடைப்பது எல்லாம் பழைய பழக்கம். தார் உளுப்பைத் தடுப்பதில்லை. சிமெண்டு, காற்றில் மரம் ஆடும்போது உள்ளே உராய்ந்து, மரம் எழுப்பிய சுவரையே உடைக்கிறது. சரியான இடத்தில் வெட்டினால் வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி போன்றவற்றுக்குப் பூச்சே தேவையில்லை. மா, பலா, எலுமிச்சை போன்ற பழமரங்களில் பூசண நோயைத் தடுக்க போர்டோ பசை தடவலாம். 1 கிலோ மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம்தான் ஆகும், இரும்பு ஆகாது. மாமரத்தில் பட்டை காயப்பட்ட இடத்தில் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடும். துளையும் மரத்தூளும் தென்பட்டால் கம்பிக் கொக்கியால் புழுவை இழுத்து எடுத்துவிடுங்கள்.

தென்னைக்கும் பனைக்கும் வேறு கணக்கு

தென்னையும் பனையும் புல் இனத்தைப் போன்றவை. பட்டைக்கடியில் வளரும் அடுக்கு இவற்றுக்குக் கிடையாது. ஏறுவதற்காகத் தண்டில் கொத்திய படி கடைசிவரை மூடாது. குருத்து ஒன்றே ஒன்று; அது போனால் மரம் போயிற்று. பச்சை மட்டையை வெட்டாதீர்கள். ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை பிறக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வெட்டியே தீர வேண்டுமானால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும்.

ஏறுவதற்கு முன்

இனி உங்கள் உயிரைப் பற்றிப் பேசுவோம். மரத்தை ஒரு சுற்று சுற்றி வராமல் கால் வைக்காதீர்கள். அடிமரத்தை அரிவாள் முதுகால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசை ஒன்று, பொந்தின் ஓசை இன்னொன்று. உங்கள் காதுக்கே தெரியும். தூரில் தட்டு போல் காளான் இருக்கிறதா? கவட்டையில் வெடிப்பு இருக்கிறதா? ஒரு பக்கம் மண் எழும்பியிருக்கிறதா? வேரை வெட்டி வாய்க்காலோ குழாயோ போட்டிருக்கிறார்களா? இதில் ஒன்று இருந்தாலும் ஏறாதீர்கள். கதண்டுக்கூடு, மலைத்தேன் கூடு இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. புளியங்கிளை வளையும், சீக்கிரம் முறியாது. முருங்கையும் மயில்கொன்றையும் சொல்லாமல் முறியும். முருங்கையில் ஏறாதே என்று நம் வீட்டுப் பாட்டிகளே சொல்வார்கள்.

கிணற்றில் போட்டுக் கழித்த பழங்கயிறு உங்கள் உயிரைத் தாங்கும் கயிறு ஆகாது. ஆளைத் தாங்க ஒரு கயிறு, கிளையை இறக்க வேறொரு கயிறு. உடல் முழுவதும் தாங்கும் பாதுகாப்பு வாரை மாட்டி, வெட்டப்போகும் கிளையில் அல்லாமல், தலைக்கு மேலே உறுதியான கவட்டையில் கட்டுங்கள். அறுக்கும் நேரத்தில் இரண்டாவது கட்டு ஒன்றும் இருக்கட்டும். வாள் ஒரு கயிற்றைத் தொட்டாலும் மற்றொன்று காப்பாற்றும். தலைக்கவசம் மேலே இருப்பவருக்கும் வேண்டும், கீழே நிற்பவருக்கும் வேண்டும். அரிவாளை இடுப்பில் செருகி ஏறாமல், ஏறிய பின் கயிற்றில் தூக்கிக்கொள்ளுங்கள். எந்திர வாளை ஒரு கையால் பிடிப்பதும், தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும் கூடவே கூடாது. தனியாள் வேலை வேண்டாம். கீழே ஒருவர் நின்று, ஆளும் மாடும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை ஈரத்திலும் பலத்த காற்றிலும் வேலையைத் தள்ளிப் போடுங்கள். குடித்துவிட்டு ஏறுவதைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும்?

மின்கம்பி அருகே

மின்கம்பி மரத்துக்குள் ஓடுகிறது என்றால், மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தியதை அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொண்ட பிறகுதான் ஏற வேண்டும். "மரம்தானே, கரண்ட் பாயாது" என்பது தவறு. பச்சைக்கிளையில் ஈரம் இருக்கிறது. இரும்பு, அலுமினியத் தொரட்டி கம்பியில் பட்டால் பேசக்கூட நேரமிருக்காது. மின்சாரத்தில் மாட்டிக்கொண்டவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

புயலில் சாய்ந்த மரத்தில் வேலை செய்யும்போது, வில் போல் வளைந்து நிற்கும் கிளைகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். நெருக்கிக்கொண்டிருக்கும் உள்வளைவில் கொஞ்சம் அறுத்துவிட்டு, இழுபட்டிருக்கும் வெளிவளைவில் மெதுவாக அறுக்க வேண்டும். அது துள்ளி வரும் பக்கத்தில் நிற்கவே கூடாது.

பேச்சு முதலில், வேலை பிறகு

எந்தெந்தக் கிளை, என்ன கூலி, விறகு யாருக்கு, ஓடு உடைந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். மரம் யாருடையது என்றும் கேளுங்கள். சாலையோர மரமும் புறம்போக்கு மரமும் அரசுடையவை. அனுமதி இல்லாமல் தொட்டால் வழக்கு உங்கள் மேல் வரும். சந்தன மரத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். மலைப்பகுதிகளில் மரங்களைக் காக்க 1955-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்திருக்கிறது. தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா விபத்துக் காப்பீடு உண்டு; விவரத்தை உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தோழர்களே, வீட்டுக்காரர் தப்பாக வெட்டச் சொன்னால், "ஐயா, அப்படி வெட்டினா மரம் உளுத்துப்போகும், இப்படி வெட்டுறேன்" என்று நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். கேட்பார்கள். கேட்காவிட்டால் அந்தக் கூலி வேண்டாம் என்று விட்டுவிடுவதும் தொழில் தர்மம்தான். கழுத்தைக் காத்து வெட்டுங்கள். கயிற்றைக் கட்டி ஏறுங்கள். மரமும் நிற்கும், நீங்களும் பத்திரமாக இறங்கி வீட்டுக்குப் போவீர்கள்.