மரச்சட்டம் கட்டிய கால்கள்

பேஸ்பாலில் இரண்டாவது பேஸில் நிற்பவருக்கு ஆபத்து தரையோடு தரையாக வரும். எதிரணிக்காரர் ஓடிவந்து, காலை முன்னே நீட்டிச் சறுக்குவார். ஷூவின் அடியில் இரும்பு முட்கள் இருக்கும். பட் ஃபௌலர் அங்கே நின்றபோது பலரும் குறிவைத்தது பேஸை அல்ல, அவருடைய காலை. அவர் கறுப்பர் என்பதுதான் காரணம். அதனால் முழங்காலுக்குக் கீழே மரச்சட்டங்களைக் கட்டிக்கொண்டு ஆடினார். அவர் ஆடிய லீக்கைச் சேர்ந்த ஒருவரே பின்னர் இதைப் பத்திரிகையில் சொன்னார். படிக்கும்போதே நமக்குக் கால் கூசுகிறது.

ஃபௌலரின் இயற்பெயர் ஜான் ஜாக்சன். 1858-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இன்று பேஸ்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ இருக்கும் கூப்பர்ஸ்டவுனில்தான் வளர்ந்தார். அப்பாவின் முடிதிருத்தும் தொழிலை அவரும் கற்றுக்கொண்டார். அணிகள் கைவிட்டபோதெல்லாம் அந்தக் கத்திரிதான் சோறு போட்டது.

1878 ஏப்ரலில், இருபது வயதில், ஒரு நட்பு ஆட்டத்தில் பந்துவீசி, நேஷனல் லீக் சாம்பியனான பாஸ்டன் அணியை 2-1 என்று வீழ்த்தினார். அதே ஆண்டு மாசச்சூசெட்ஸின் லின் நகர அணிக்கு ஆடினார். சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடிய முதல் கறுப்பராக வரலாறு அவரைத்தான் குறிப்பிடுகிறது. நிறத்தடையை உடைத்த கறுப்பராகக் கொண்டாடப்படும் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் கால் வைத்ததோ 1947-ல்!

அதன்பின் ஊர் ஊராக அலைச்சல்தான். ஸ்டில்வாட்டர், கியோகுக், டொபீகா என்று எங்கேயும் அவரால் நிலைக்க முடியவில்லை. 1887-ல் பிங்காம்டன் அணியில் அவருடைய பேட்டிங் சராசரி .350. ஆனாலும் கறுப்பர்கள் இருந்தால் ஆடமாட்டோம் என்று சொந்த அணியின் வெள்ளைக்காரர்களே போர்க்கொடி தூக்கினார்கள். நிர்வாகம் ஃபௌலரை வெளியே அனுப்பியது. ஜூலையில், கறுப்பர்களை இனி புதிதாக ஒப்பந்தம் செய்வதில்லை என்று அந்த அணி ஆடிய லீக்கே முடிவெடுத்தது. திறமை போதவில்லை என்று சொல்ல அவர்களிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை.

கதவு அடைபட்ட சில ஆண்டுகளுக்குப் பின் தானே ஓர் அணி கட்டினார். மிச்சிகனின் ஏட்ரியனில், கம்பிவேலி தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் ஆதரவோடு, ‘பேஜ் ஃபென்ஸ் ஜெயன்ட்ஸ்’ என்ற கறுப்பர் அணி உருவானது. 1895-ல் களமிறங்கிய அந்த அணிக்குத் தனி ரயில்பெட்டி இருந்தது. தூக்கமும் சமையலும் அதிலேயே. ஊருக்கு ஊர் இறங்கி, ஆட்டத்துக்கு முன் வீரர்கள் சைக்கிளில் வீதிவலம் வந்து கூட்டம் சேர்த்தார்கள். ஃபௌலரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது. ஆட விடாதவர்களிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல், ஆட்டத்தையே ஊர்வலமாக்கிக் காட்டிய மனிதர் அவர்.

1913-ல் வறுமையில் இறந்தார். 1987 வரை கல்லறையில் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. பேஸ்பால் வரலாற்று ஆர்வலர்கள்தான் அதை நட்டார்கள். ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொள்ள மேலும் 35 ஆண்டுகள் ஆயின.