மூளைக் காய்ச்சலின் முன்னடையாளங்கள்

காய்ச்சல் கண்டவர் அயர்ந்து உறங்கினால், "தூங்கட்டும், தெளிந்துவிடும்" என்று வீட்டார் விட்டுவிடுவது தோட்டப்புறங்களில் வழக்கம். அது இயல்பான உறக்கந்தானா, மூளை தாக்குண்டதால் வந்த மயக்கமா என்று பார்ப்பவர் சிலரே. நெகிரி செம்பிலானில் நிகழ்ந்த ஒரு பெருந்துயரம் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும்.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளில் ஒருவகை மூளைக் காய்ச்சல் தோன்றிற்று. அங்கிருந்து வாங்கிவரப்பட்ட பன்றிகளோடு அது சிரம்பானை அடுத்த சிக்காமாட்டிற்கும், போர்ட் டிக்சன் வட்டாரத்துப் புக்கிட் பெலாண்டோக்கிற்கும் வந்து சேர்ந்தது. கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலே இது என்று முதலில் கருதினர். புகை அடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். சாவு நிற்கவில்லை.

உற்று நோக்கியவர்களுக்குச் சில செய்திகள் பொருந்தவில்லை. ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இதுவோ பண்ணையில் உழைத்த ஆடவரை வீழ்த்திற்று. கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. ஆயினும் பன்றிகளை அணுகாத அண்டை வீட்டார் தப்பினர். தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் நோயுற்றனர். பன்றிகளும் உரத்த இருமலோடு மடிந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அந்நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா; அப்பெயரே கிருமிக்கும் வாய்த்தது. (நிப்பா என்பது சதுப்பில் வளரும் ஒருவகைப் பனையின் மலாய்ப் பெயர். பாவம், அம்மரத்திற்கும் நோய்க்கும் யாதொரு தொடர்புமில்லை.) பழந்தின்னி வௌவாலே கிருமியின் உறைவிடம் என்பது பின்னர்த் தெரிந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். 10 லட்சம் பன்றிகளைக் கொன்ற பின்னரே நோய் அடங்கிற்று.

நோயின் தொடக்கத்தில் புதுமை ஏதுமில்லை. காய்ச்சல், தலைவலி, தலைசுற்றல், வாந்தி ஆகியவை டெங்கிக்கும் உண்டு. அடுத்து வந்தவையே கவனிக்கத்தக்கவை. நோயாளியின் அறிவு மங்கிற்று. மூவரில் ஒருவருக்குக் கழுத்து, கை, உதரவிதானம் ஆகியவற்றின் தசைகள் தாமாகவே திரும்பத் திரும்ப வெட்டி இழுத்தன. முழங்காலைத் தட்டினால் கால் உதறவில்லை. நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறின. கிருமி மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் புண்படுத்தி அடைத்துவிட, ஆங்காங்கே மூளைத்திசு இரத்தமின்றிச் செத்தது. மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டு தாக்குண்டபோது பிழைப்பது அரிதாயிற்று. பிழைத்தவருள் சிலருக்கு, மாதங்கள் ஆண்டுகள் கழித்தும் நோய் மீண்டது.

அதன்பின் மலேசியாவில் மனிதரிடம் நிப்பா காணப்படவில்லை; எனினும் 2018இல் கேரளத்துக் கோழிக்கோட்டில் தோன்றி, மனிதரிடமிருந்து மனிதருக்கே தொற்றிற்று. மூளையைத் தாக்கும் காய்ச்சல்கள் வேறும் பல உள. எதுவாயினும் வீட்டார் செய்யத்தக்க சோதனை எளிது. உறங்குபவரைத் தட்டி எழுப்பித் தம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லச் சொல்லலாம். விழிக்காவிடினும், விழித்துப் பிதற்றினாலும், மோவாய் நெஞ்சைத் தொடும்படி குனிய இயலாவிடினும், கை கால் வெட்டி இழுத்தாலும் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மயங்கியவர் வாயில் கஞ்சியோ தண்ணீரோ ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வலிப்புக் கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வைப்பதே நலம்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு: காய்ச்சல் தொடங்கிய நாள், பேச்சுத் தடுமாறிய நேரம், இழுத்த கை இடமா வலமா, அண்மையில் எந்த விலங்கோடு பழகினார் என்பன. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆராயப்பட்ட 94 நிப்பா நோயாளிகளுள் 93 விழுக்காட்டினர் பன்றிகளோடு நேரில் பழகியவர்கள். அதுவும் பெரும்பாலும் நோய்க்கு முந்திய இரண்டு வாரங்களில்.