பழைய தளத்தின் மேல் புதிய சுமை

வீட்டை ஒட்டி, மரச்சட்டங்களின் மேல் பலகை பரப்பி, கூரையின்றி அமைக்கப்படும் திறந்த தளத்துக்கு ‘டெக்’ என்று பெயர். மேலை நாடுகளில் அது பெரும்பாலும் பின்கட்டுத் தோட்டத்தில், தரையிலிருந்து சில படிகள் உயரத்தில் நிற்கும். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலின் மேற்கே தமிழர் பகுதியிலும் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியிலும் வீடுகள் நெருக்கமாக அமைந்திருப்பதால், அத்தகைய தளத்துக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் மொட்டைமாடிதான். பழைய வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறும்போது, மாடியில் பலகைத் தளமும், அதற்கு ஏறிச் செல்ல முற்றத்திலிருந்து ஓர் இரும்புப் படிக்கட்டும் சேர்க்கப்படுகின்றன. இவ்விரண்டிலும் நேரும் பிழைகளில் மிகப் பெரியது, புதிய தளம் எதன் மேல் நிற்கிறது என்பதை ஆராயாமல் வேலையைத் தொடங்குவதாகும்.

பழைய வீடுகள் பலவற்றின் கூரை, ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் முறையில் கட்டப்பட்டது. சுவருக்குச் சுவர் உத்தரங்களைப் போட்டு, அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாகச் சாய்வரிசையில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, மரக்கட்டைகளால் நாள் கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பாவுவார்கள். வற்றல் காயப்போடவும் கோடை இரவில் நாலு பேர் படுத்துறங்கவும் போதுமான வலுவுடன் எழுந்த இந்தக் கூரை, தன் எடையாலேயே கனமானது. கூடுதலாகத் தாங்க அதனிடம் எஞ்சியிருக்கும் வலு, உத்தர மரத்தின் இன்றைய நிலையைப் பொறுத்தது.

கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமையை வரையறுக்கும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875இன் இரண்டாம் பகுதி, ஆட்கள் ஏறக்கூடிய சாதாரணத் தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோவும், நிலையான இருக்கைகள் இன்றி மக்கள் கூடும் இடத்துக்கு ஏறத்தாழ 500 கிலோவும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. மொட்டைமாடியை விருந்துக் கூடமாக மாற்றுவோர் அதன் மேல் மூன்று மடங்குக்கும் அதிகமான சுமையைக் கேட்கிறார்கள் என்பதே இதன் பொருள். பூந்தொட்டிகளும் அவற்றின் ஈர மண்ணும் இதில் சேரும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். ஆகவே புதிய தளத்தின் எடை பழைய கூரையின் நடுவில் இறங்காமல், சுவர்களின் மேல் போடப்படும் தனி உத்தரங்கள் வழியாக அடித்தளம் வரை செல்லுமாறு அமைக்க வேண்டும்; அந்தச் சுவர் அதைத் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மர உத்தரம் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் நுனி, மழைநீர் ஊறிய சுவரின் ஈரத்தை உறிஞ்சிக் காற்றுப்படாமல் கிடப்பதால், அங்கேதான் உளுத்துப்போவதும் கரையான் ஏறுவதும் தொடங்குகின்றன. கீழேயிருந்து பார்ப்பவருக்கு வண்ணம் பூசிய, கோணாத மரமே தெரியும்; சுவரை ஒட்டிய இடத்தில் திருப்புளியால் குத்தினால் முனை பஞ்சில் இறங்குவதுபோல் இறங்கும். பலகைகளைத் தளத்தோடு ஒட்டிப் பதித்து, மழைநீர் வெளியேறும் துவாரத்தையும் அவற்றின் அடியில் மறைத்துவிடுவது இந்தக் கேட்டை விரைவுபடுத்துகிறது. வடகிழக்குப் பருவமழையில் அங்கே தேங்கும் நீரும், அதோடு சேரும் இலைதழையும், மேலிருந்து எவர் கண்ணுக்கும் படுவதில்லை. கடற்கரைச் சாலையில் 1870–71இல் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் இறுதியில் பெய்த மழையின்போது இடிந்து விழுந்ததையும், பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டதையும் நகரத்தார் அறிவர். பழங்கட்டடத்தில் ஈரத்தை எளிதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஈரம் புதிய கட்டடத்தையும் விடுவதில்லை. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 2015 ஜூன் 16 அன்று அடுக்ககம் ஒன்றின் பால்கனி முறிந்து ஆறு இளைஞர்கள் உயிரிழந்தனர். கட்டிப் பத்தாண்டுகூட ஆகாத அந்தக் கட்டடத்தில், பால்கனியைத் தாங்கிய மரச்சட்டங்கள் உள்ளே புகுந்த நீரால் மட்கியிருந்தன. அதன் பின்னர் 2018இல் கலிஃபோர்னியா மாநிலம், அடுக்ககங்களில் இத்தகைய உயர்தளங்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிப்பதைச் சட்டமாக்கியது.

அடுத்த பிழை இணைப்பில் நேர்வது. தளத்தின் ஒரு பக்கத்தைச் சுவரோடு பிணைக்க, பழைய செங்கல்லில் துளையிட்டு ஆங்கர் போல்ட் அடிப்பது வழக்கமாகிவிட்டது. துளைக்குள் விரிந்து பக்கங்களை நெருக்கிப் பிடிப்பதே அந்த போல்ட்டின் இயல்பு. அதற்கு உறுதியான கான்கிரீட் வேண்டும். மிருதுவான சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் அது தளர்ந்து உருவி வந்துவிடும். சுவரை ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட்டுக்கு மறுபுறம் இரும்புத் தகடு வைத்து முடுக்குவது, அல்லது சுவரை நம்பாமல் தனித் தூண்களில் தளத்தை நிறுத்துவது, இவையே பொருத்தமான வழிகள். கடற்காற்றின் உப்பு எந்த இரும்பையும் விடாது என்றாலும், வெல்டிங் வைத்த இடத்தில் முலாம் எரிந்து போயிருப்பதால் துரு அங்கே முதலில் பிடிக்கும். வாய் மூடாத குழாய்களில் அது உள்ளிருந்து அரிப்பதால், மேலே பூசிய வண்ணம் பல மாதம் பளபளப்பாகவே இருந்து ஏமாற்றும்.

படிக்கட்டில் ஆபத்து படிகளின் உயர வேறுபாட்டில் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்வதால், இடையில் ஒரு படி விரல்கடை அளவு மாறினாலும் இறங்குபவர் தடுமாறுவார். கொத்தனார் பூச்சுக்கு முன் அளவெடுத்துப் படி கட்ட, பின்னர் கீழே டைல்ஸும் மேலே பலகையும் போடப்படும்போது முதற்படியும் கடைசிப்படியும் மட்டும் உயரம் மாறிவிடுகின்றன. முடிந்த தரையிலிருந்து முடிந்த தளம் வரை அளந்து சமமாகப் பிரித்த பிறகே வேலை தொடங்க வேண்டும். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்புகளில் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், மிதிக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. இடம் சுருக்கம் என்பதற்காக முற்றத்தில் நிறுத்தப்படும் சுருள் படிக்கட்டில், தூணை ஒட்டிய பக்கம் பாதம் வைக்கவே இடம் இருப்பதில்லை; தட்டோடு இறங்கும் பணியாளர்களுக்கு அது சிறிதும் ஏற்றதன்று.

கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதி பலருக்கும் தெரியும். ஆயினும் அந்தச் சுவரை ஒட்டி அரை அடி உயரத்துக்குப் பலகைத் தளம் எழும்பினால், நிற்பவருக்குச் சுவர் அரை அடி தாழ்ந்துவிடுகிறது என்பதை வேலை முடியும் வரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உயரத்தைப் புதிய தளத்திலிருந்து அளந்து, குறையும் அளவுக்குக் கம்பி வைத்து உயர்த்த வேண்டும். அந்தக் கம்பிகளும் இங்கே பெரும்பாலும் படுக்கைவாட்டில் ஓடும் எவர்சில்வர் குழாய்களாகவே பொருத்தப்படுகின்றன. குழந்தைக்கு அவை ஏணிப்படிகளாகிவிடும். நெடுக்குக் கம்பிகளை, ஒன்றுக்கொன்று இடைவெளி பத்து சென்டிமீட்டரைத் தாண்டாமல், சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கினால் குழந்தையால் ஏறவும் முடியாது, தலையை நுழைக்கவும் முடியாது.