மூன்றாம் ஆண்டுச் சம்பளம்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் வீரர்களின் சம்பளத்துக்கு இஷ்டம்போலச் செலவிட முடியாது; உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தம் முடிந்த இளம் வீரர்களில் சிலருக்குப் பாதி சுதந்திரம்தான். வேறு அணி விலை பேசலாம். ஆனால் அதே சம்பளத்தைத் தர முன்வந்தால், பழைய அணியே அவரைத் தக்கவைத்துக்கொள்ளும்.

2012 கோடையில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் குறிவைத்தது, நியூயார்க் நிக்ஸ் அணியின் ஜெரமி லின்னை. ஹார்வர்டில் படித்தவர். அந்தப் பிப்ரவரியில் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக 38 புள்ளிகள் குவித்து, நகரத்தையே கொண்டாட வைத்தவர். அதற்குச் சில வாரம் முன்புதான் இதே ஹூஸ்டன் அவரை வேண்டாமென்று விடுவித்திருந்தது!

பேசிய தொகை மூன்று ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டாலர். முதல் இரண்டு ஆண்டுகள் தலா 50 லட்சம் அளவில். மூன்றாம் ஆண்டு மட்டும் ஏறக்குறைய 1.5 கோடி. சூட்சுமமே இதில்தான். விதிப்படி, ஹூஸ்டனின் உச்சவரம்புக் கணக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 83 லட்சம் ஏறும். நிக்ஸ் தக்கவைத்தாலோ மூன்றாம் ஆண்டின் முழுச் சுமையும் அதன் தலையில். கூடவே, அளவு மீறிய சம்பளச் செலவுக்கான பெரும் ஆடம்பர வரி. யோசிக்க மூன்றே நாள். நிக்ஸ் விட்டுக்கொடுத்தது.

ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனாலும், புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ஓர் இளைஞருக்கு அந்தச் சம்பளம் கிடைத்தது நியாயமே.

அதே கோடையில், அதே முறையில், சிகாகோ புல்ஸிடமிருந்து துருக்கி வீரர் ஓமர் ஆஷிக்கையும் ஹூஸ்டன் அழைத்துக்கொண்டது.