பயமில்லாத தீர்ப்புக்குப் பாதுகாப்பு வேண்டும்

2021 ஜூலை 28 அதிகாலை. ஜார்க்கண்டின் தன்பாதில் வெறிச்சோடிய சாலையோரமாக நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார் மாவட்டக் கூடுதல் நீதிபதி உத்தம் ஆனந்த். நேராக வந்த ஆட்டோ ஓரமாகத் திரும்பி அவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் பறந்தது. கண்காணிப்பு கேமராவில் பதிவாகியிராவிட்டால் விபத்து என்றே கோப்பை மூடியிருப்பார்கள். சரியாக ஓராண்டில் ஆட்டோவில் இருந்த இருவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நீதிபதிகள் மிரட்டல் புகார் கொடுத்தால் விசாரணை அமைப்புகள் உதவுவதே இல்லை என்று அப்போதைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா வெளிப்படையாகவே வேதனைப்பட்டார்.

2022 மார்ச்சில் ஹிஜாப் வழக்கில் தீர்ப்பளித்த கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவருக்கு மதுரைக் கூட்டமொன்றில் மிரட்டல் வந்தது. மூவருக்கும் உடனே ‘ஒய்’ பிரிவுப் பாதுகாப்பு கிடைத்தது. நியாயம்தான். ஆனால் ரவுடிகளையும் கடத்தல்காரர்களையும் அன்றாடம் நேருக்கு நேர் பார்ப்பவர்கள் கீழமை நீதிபதிகள்; அவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். பாதுகாப்பு என்ற பேரில் விமர்சனத்தை அடக்கிவிடுவார்களே என்று கேட்கலாம். தீர்ப்பைக் கிழித்து எழுதுங்கள், மேல்முறையீடு செய்யுங்கள், அது உரிமை. உயிருக்குக் குறிவைப்பது விமர்சனம் ஆகாது. முத்தாண்டிக்குப்பம் போன்ற ஒரு கிராமத்து விவசாயி பெரிய இடத்தை எதிர்த்து நில வழக்குப் போட்டால், அவர் நம்பிப் போவது பக்கத்து ஊர் நீதிமன்றத்தைத்தான். அங்கே உட்கார்ந்திருப்பவர் பயந்தால் தோற்பது அந்த விவசாயி. டெல்லிக்கும் சென்னைக்கும் தரும் காவலைத் தாலுகா நீதிமன்றங்களுக்கும் அரசு தர வேண்டும்.