சிப்புக்குள் பாயும் அயனிக் கற்றை

பிராசசர் என்ன வேகம், ரேம் எவ்வளவு என்று கேட்டுத்தான் எல்லோரும் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். அந்தச் சிப் எப்படி உருவாகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதில் எனக்கு மிகவும் வியப்பூட்டிய ஒரு கட்டத்தை இங்கே சொல்கிறேன்.

சுத்தமான சிலிக்கானில் மின்சாரம் எளிதில் பாயாது. போரான், பாஸ்பரஸ் போன்றவற்றைத் துளியளவு சேர்த்தால்தான் டிரான்சிஸ்டர் வேலை செய்யும். மாவில் உப்பு சேர்ப்பது போல இதைக் கலந்துவிட முடியாது. இடம், ஆழம், அளவு மூன்றும் துல்லியமாக இருக்க வேண்டும். அதனால் அணுக்களைத் துப்பாக்கிக் குண்டு போலச் சுட்டு உள்ளே செலுத்துகிறார்கள். இதற்கு அயன் இம்ப்ளான்டேஷன் என்று பெயர். டிரான்சிஸ்டர் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லி 1954-லேயே இதற்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தார்.

குண்டு எங்கிருந்து வருகிறது?

வாயுவிலிருந்துதான். போரான் வேண்டுமென்றால் போரான் ட்ரைஃப்ளோரைடு என்ற வாயுவை ஒரு சிறிய அறைக்குள் விட்டு, மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். வாயு சிதைந்து, எலெக்ட்ரானை இழந்த அணுக்கள் கிடைக்கும். இவையே அயனிகள். பாசிட்டிவ் மின்னூட்டம் உள்ள இவற்றை உயர் வோல்டேஜ் வெளியே இழுக்கும். வழியில் ஒரு காந்தம் போரானை மட்டும் பிரித்து அனுப்பும்.

கரன்ட் ஏன் அதிகம் வேண்டும்?

விண்டோஸ் கால்குலேட்டரில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 மில்லி ஆம்பியர் என்றால் விநாடிக்குச் சுமார் 62 கோடி கோடி அயனிகள். 300 மி.மீ. சிலிக்கான் தட்டில் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 10 கோடி கோடி அயனிகளைச் செலுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கற்றை முழுவதும் தட்டில் விழுந்தால், 10 மில்லி ஆம்பியரில் வேலை 11 விநாடியில் முடியும். 10 மைக்ரோ ஆம்பியர் என்றால் 3 மணி நேரத்துக்கும் மேல்! ஒரு தட்டுக்கு 3 மணி நேரம் ஆனால், நம் கைக்கு எட்டும் விலையில் சிப் கிடைக்குமா?

சிக்கல் எங்கே?

அயனிகளை உண்டாக்குவதைவிட அவற்றைச் சேர்த்து வைத்திருப்பதுதான் கடினம். எல்லாமே பாசிட்டிவ் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளும். கூட்டம் கூடக் கூடக் கற்றை விரிந்துவிடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இழுக்கும் வோல்டேஜைக் கூட்டுவது. வோல்டேஜை 4 மடங்கு ஆக்கினால் 8 மடங்கு கரன்ட் வரை இழுக்கலாம். ஆனால் அயனிகள் ஆழமாகப் பாய்ந்துவிடும். இன்றைய நுண்ணிய டிரான்சிஸ்டர்களுக்கு அது ஆகாது. இரண்டாவது, பாதையில் சிறிதளவு வாயுவை விட்டுவைப்பது. அயனிகள் அதில் மோத, வெளிவரும் எலெக்ட்ரான்கள் கற்றைக்குள் சிக்கி, தள்ளுவிசையைத் தணிக்கும்.

ஆராய்ச்சிக் கூடத்திலும்

வேர்ல்ட் வைட் வெப் பிறந்த ஜெனிவா சேர்ன் ஆராய்ச்சிக் கூடத்திலும் இதே கதைதான். அங்கே லினாக் 2 என்ற ஆக்சிலரேட்டர் 1978 முதல் 2018 வரை இயங்கியது. அதன் தொடக்கம் ஒரு ஹைட்ரஜன் சிலிண்டர்! டியோபிளாஸ்மாட்ரான் என்ற கருவி, அந்த வாயுவை மின்சாரத்தால் பிளாஸ்மாவாக்கி, காந்தப்புலத்தால் ஒரு சிறு துளையருகே நெருக்கி, புரோட்டான்களாக வெளியே தந்தது. 2012-ல் ஹிக்ஸ் போசானைக் காட்டிய மோதல்களின் புரோட்டான்கள் புறப்பட்டது இங்கிருந்துதான்.

அடுத்த முறை கடையில் பிராசசரின் விலையைப் பார்க்கும்போது, அதற்குள் இந்த மில்லி ஆம்பியர் கணக்கும் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.