உறுதியான ரிப்பேர், பலவீனமான இறக்கை: கிளைடர் கீல்கள் பற்றிச் சில குறிப்புகள்

சில வருஷங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு ரிமோட் கிளைடர் இருந்தது. பால்சா மரத்தில் செய்தது, இரண்டு மீட்டர் இறக்கை. கோடையில் வற்றிப்போன ஏரிக்குள் ரப்பர் கயிறு கட்டி இழுத்து மேலே விடுவேன். ஒருநாள் இறக்கும்போது வலது ஏலரான் சீமைக்கருவேல முள்ளில் மாட்டி உடைந்தது. ஏலரான் என்பது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல். விமானத்தை இடமாகவும் வலமாகவும் சாய்ப்பது அதுதான்.

எபாக்ஸி, கண்ணாடி இழைத் துணி, பட்டி, அதன் மேல் பெயின்ட் என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து சரி செய்தேன். பழையதைவிட ரெண்டு மடங்கு உறுதி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உயரத்திலிருந்து கொஞ்சம் வேகமாக இறக்கியதும் 'ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம், மேசை மேல் செல்போன் வைப்ரேட் ஆகிற மாதிரி. ஒரு நொடிகூட இருக்காது. ஏலரான் தனியாக, கிளைடர் தனியாக.

கீல்கள் பிய்ந்திருந்தன. 'கீல் சரியில்லை' என்று முடிவு கட்டி, தடிமனான கீல் வாங்கி மாட்டினேன். மறுபடியும் அதே சத்தம். நிஜமான கிளைடர்களின் பராமரிப்புக் கையேடுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கீல் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. தப்பு நான் செய்த ரிப்பேரில் இருந்தது. ஏன் என்று எனக்குப் புரிந்தவரை இங்கே எழுதி வைக்கிறேன்.

எஞ்சின் இல்லாத விமானத்தில் என்ன பழுதாகும்?

கிளைடரில் எஞ்சின் கிடையாது, எரிபொருள் கிடையாது. அப்புறம் வருஷா வருஷம் எதைச் சோதிக்கிறார்கள் என்று எனக்கும் தோன்றியது. பதில், அசைகிற எல்லாவற்றையும். இறக்கையில் ஏலரான், வாலின் கிடைப்பகுதியில் எலிவேட்டர், நிமிர்ந்த பகுதியில் ரடர். விமானி கையாலும் காலாலும் கொடுக்கும் கட்டளை இந்த மூன்று வகை மடல்கள் வழியாகத்தான் காற்றுக்குப் போய்ச் சேர்கிறது. ஒவ்வொன்றும் தொங்கிக்கொண்டிருப்பது சில கீல்களில். விரல் தடிமன்கூட இல்லாத ஊசி, அதைச் சுற்றி ஒரு புஷ் அல்லது சின்ன பேரிங், அதைத் தாங்கும் உலோகத் தாங்கி. அவ்வளவுதான்.

கிளைடருக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. பறந்து முடிந்ததும் பல கிளைடர்களின் இறக்கைகளைக் கழற்றி, நீளமான டிரெய்லரில் அடுக்கிவிடுவார்கள். மேடு பள்ளமான ரோட்டில் டிரெய்லர் குலுங்கும்போது மடல்களும் சேர்ந்து குலுங்கும். வெளியே நிறுத்தி வைத்தால் காற்று ரடரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும். தூசி உள்ளே போகும். எஃகு ஊசியும் அலுமினியத் தாங்கியும் ஒட்டி இருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு. பறக்கும்போது தேய்வதைவிடத் தரையில் தேய்வது அதிகமாகக்கூட இருக்கலாம்.

கோன் செட் போன பைக்

கீல் தேய்ந்தால் மடல் லேசாக ஆடும். மெக்கானிக் பாஷையில் 'பிளே'. ஒரு மில்லிமீட்டர் பிளே இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

கோன் செட் தேய்ந்த பைக்கை ஓட்டியவர்களுக்கு இது தெரியும். 30-ல் போனால் ஒன்றுமே தெரியாது. 40-லும் தெரியாது. ஏதோ ஒரு வேகத்தைத் தாண்டியதும் ஹேண்டில் தானாகவே உதற ஆரம்பிக்கும். ரோட்டில் பள்ளமே வேண்டாம். உதறலுக்கான சக்தியை வண்டியின் வேகமே கொடுத்துவிடுகிறது.

விமானத்தில் இதற்கு உறவுக்காரன்தான் ஃப்ளட்டர். நடப்பது இதுதான். ஒரு சின்னக் காற்றடியில் இறக்கை மேல்நோக்கி வளைகிறது. ஏலரானின் எடை பெரும்பாலும் கீலுக்குப் பின்னால் இருந்தால், அது இறக்கையோடு உடனே எழும்பாது. பின்தங்கிக் கீழே தொங்கும். ஏலரான் கீழே தொங்கினால் அந்த இறக்கைக்குத் தூக்குவிசை கூடும். ஏற்கெனவே மேலே போகிற இறக்கையை இன்னும் மேலே தள்ளும். இறக்கை திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். இப்போது கீழ்நோக்கித் தள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கிற மாதிரி. தள்ளுகிற கை, எதிரே வரும் காற்று. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே காற்றே இந்த ஆட்டத்தை அடக்கிவிடும். அதற்கு மேலே போனால் ஒன்றிரண்டு நொடியில் எதையாவது பிய்த்துவிடும்.

இதைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, மடல் தன்னிச்சையாக அசைய இடம் கொடுக்காமல் கீலையும் இணைப்புக் கம்பிகளையும் இறுக்கமாக வைத்திருப்பது. இரண்டாவது, கீலுக்கு முன்னால் ஈயம் போன்ற எடையை வைத்து மடலைச் சமன் செய்வது. இதுதான் மாஸ் பேலன்ஸ். எடை சமமாக இருந்தால் இறக்கை எழும்போது மடல் பின்தங்காது.

இரண்டுமே நூறு வருஷத்துக்கு முன்னால், விமானங்களின் வால் ஆடியும் இறக்கை ஆடியும் கற்ற பாடங்கள். 1916-ல் இங்கிலாந்தில் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் வால் பயங்கரமாக உதறியது. ஆராய்ந்தவர் லான்செஸ்டர், கார் தயாரிப்பில் பெயர் பெற்ற அதே ஆள். இடது, வலது எலிவேட்டர்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அசைய முடிந்ததுதான் பிரச்சினை என்று கண்டுபிடித்தார். இரண்டையும் விறைப்பான குழாயால் இணைப்பது தீர்வு. மாஸ் பேலன்ஸ் வந்தது 1920-களின் தொடக்கத்தில், நெதர்லாந்தில் ஃபான் பௌம்ஹவரும் கோனிங்கும் ஏலரான் ஃப்ளட்டரை ஆராய்ந்தபோது.

கண், கை, காது

பரிசோதனை எப்படி நடக்கிறது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம்தான். பெரிய கருவி எதுவும் இல்லை.

முதலில் ஒருவர் காக்பிட்டில் கட்டுப்பாட்டுத் தண்டை அசையாமல் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் மடலின் பின்விளிம்பை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, எத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது என்று அளப்பார். இது கீலின் ஆட்டமும் இணைப்புகளின் ஆட்டமும் சேர்ந்தது. அடுத்து, மடலைக் கீல் பக்கமே பிடித்து மேலே தூக்கி, முன்னும் பின்னும், நீளவாக்கிலும் தள்ளிப் பார்ப்பார். அங்கே 'டக்' என்று தட்டுப்பட்டால் அது கீலின் ஆட்டம். எவ்வளவு வரை பரவாயில்லை என்று அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். நம் இஷ்டத்துக்கு முடிவு செய்யக் கூடாது.

பிறகு டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, பத்து மடங்கு லென்ஸ். உலோகத் தாங்கியில் விரிசல் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், பெயின்டை எடுத்துச் சுத்தம் செய்து சிவப்புச் சாயம் தெளிப்பார்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் போன சாயம் வெள்ளைமேல் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும்.

தாங்கி ஒட்டப்பட்டிருக்கும் இடம் கண்ணாடி இழை என்றால் பார்க்க வேண்டியது வேறு. அழுத்தம் தாங்காத இழைப்பகுதி வெளுத்துப் போகும். நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் 'கிண்' என்னும், ஒட்டு விட்ட இடம் 'தொப்' என்னும். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான்.

ஒரு விஷயம் சுலபமாக ஏமாற்றும். இறக்கைக்கும் மடலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் காற்று கசியாமல் இருக்க மெல்லிய டேப் ஒட்டுவார்கள். கிளைடர் இன்னும் கொஞ்ச தூரம் மிதக்க இது உதவும். அதே டேப் கீலை மறைத்தும்விடும். அதைப் பிரிக்காமல் செய்த சோதனை, சோதனையே இல்லை.

20 கிராம் கணக்கு

இனி ரிப்பேர். தேய்ந்த புஷ்ஷை எடுத்துவிட்டுப் புதியது போடுவது சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் ஒரு மடலுக்கு மூன்று கீல் என்றால் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கதவுக்குக் கீல் மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடுக்கீல் ஒரு நூல் தள்ளியிருந்தாலும் கதவு இறுகும். கதவில் அது வெறும் கிறீச் சத்தம். இறக்கையிலோ, ஒவ்வொரு அசைவிலும் தாங்கியை வளைத்து வளைத்து விரிசல் விட வைக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் எடை. கீலிலிருந்து 12 செ.மீ. பின்னால், மடலின் பின்விளிம்புப் பக்கம் ஒரு சின்ன உடைசல் என்று வைத்துக்கொள்வோம். இழைத்துணி, எபாக்ஸி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 20 கிராம் கூடிவிட்டது. 20 × 12 = 240 கிராம்-செ.மீ. கீலுக்கு முன்னால் எடை வைக்க 3 செ.மீ. தூரம்தான் இருக்கிறது. அப்படியானால் 80 கிராம் ஈயம் வேண்டும். பின்னால் சேர்த்த 20-க்கு முன்னால் 80. ஆக, மடலில் மொத்தம் 100 கிராம் கூடுகிறது. மொத்த எடைக்கும் கையேட்டில் உச்சவரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் ரிப்பேரைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

அதனால்தான் ரிப்பேர் முடிந்ததும், சில சமயம் பெயின்ட் அடித்தாலே, மடலைக் கழற்றித் தராசில் நிறுத்துகிறார்கள். கீல் அச்சில் தாங்கவிட்டுப் பின்விளிம்பு எவ்வளவு பாரமாகத் தொங்குகிறது என்றும் அளக்கிறார்கள். இரண்டு எண்ணும் கையேட்டு வரம்புக்குள் இருக்க வேண்டும். என் பால்சா கிளைடரில் நான் செய்யாதது இதைத்தான். உறுதியைக் கூட்டினேன், எடையை மறந்தேன். மென்பொருள் வேலையில் ஒரு பிழையைத் திருத்தப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றை உடைப்பது எனக்குப் புதிதில்லை. அங்கே மறுநாள் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம்.

உயரமும் கணக்கில் வரும். பயிற்சிக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஷ்லைகர் ஏஎஸ்கே 21 கிளைடரைத் தாண்டக் கூடாத வேகம் மணிக்கு 280 கி.மீ. ஆனால் காற்று மெலிந்த உயரத்தில் வேகமானி குறைத்துக் காட்டும். 6000 மீட்டரில் முள் 250-ல் நின்றால் நிஜ வேகம் சுமார் 340. ஃப்ளட்டருக்கு நிஜ வேகம்தான் முக்கியம் என்பதால், உயரம் போகப் போக வேகமானியில் எவ்வளவு வரை போகலாம் என்ற வரம்பைக் குறைப்பார்கள். எல்லாமே கீல் இறுக்கமாக, எடை சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. கீல் தேய்ந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஒரு திருகு

இதெல்லாம் அதீத ஜாக்கிரதையா? கிளைடர் அல்லாத ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் விசாரணை மிகத் தெளிவாக நடந்தது. 2011 செப்டம்பர் 16, அமெரிக்காவின் ரெனோ நகரில் விமானப் பந்தயம். 'கேலப்பிங் கோஸ்ட்' என்ற பி-51 விமானம் பார்வையாளர்கள் இருந்த பகுதியில் விழுந்தது. விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள், 60-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். எலிவேட்டரின் விளிம்பில் இருக்கும் சின்ன டிரிம் மடலைப் பிடித்திருந்த திருகுகள் தளர்ந்திருந்தன. திருகு தளராமல் பிடிக்க வேண்டிய பூட்டு நட்டுகளின் உள்வளையம் நலிந்து போயிருந்தது. ஒரு திருகில் விரிசலும் இருந்தது. விறைப்பு குறைந்தது, பந்தய வேகத்தில் ஃப்ளட்டர் வந்தது. பதிவு செய்யாமல், சோதித்துப் பார்க்காமல் விமானத்தில் செய்த பெரிய மாற்றங்களையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது.

இரண்டாவது ஆள்

கிளைடர் உலகத்தில் எனக்குப் பிடித்தது, ஒரு ஆளின் கவனத்தை மட்டும் அவர்கள் நம்புவதில்லை என்பது. எங்கோ ஒரு கிளைடரின் கீல் தாங்கியில் விரிசல் தெரிந்தால், தயாரிப்பாளர் தொழில்நுட்பக் குறிப்பு வெளியிடுவார். விஷயம் தீவிரம் என்றால் விமானப் பாதுகாப்பு அமைப்பு அதைக் கட்டாய உத்தரவாக்கும். ஐரோப்பாவில் 2003 முதல் அந்தப் பொறுப்பு இயாசாவுடையது. அந்த மாடல் உலகத்தில் எங்கே இருந்தாலும் 'அடுத்த பறப்புக்கு முன்' அல்லது 'இத்தனை மணி நேரத்துக்குள்' பார்த்தாக வேண்டும். கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைத்தால், வேலை செய்தவர் போக இன்னொருவரும் தனியாகச் சோதித்துக் கையெழுத்துப் போடும் நடைமுறை பல நாடுகளில் உண்டு.

களத்திலும் அப்படித்தான். பழைய கிளைடர்கள் பலவற்றில் இறக்கையை மாட்டிய பிறகு, கட்டுப்பாட்டுக் கம்பிகளை லோட்டெலியே என்ற பந்துமூட்டு இணைப்பால் கையால் சேர்க்க வேண்டும். பந்து பாதி மட்டும் உள்ளே போனாலும் சேர்ந்த மாதிரியே தெரியும். தண்டை அசைத்தால் மடலும் அசையும். இப்படி ஏமாந்து விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால் ஒருவர் மடலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காக்பிட்டிலிருந்து தண்டைத் தள்ளிப் பார்ப்பார். எதிர்ப்பு தெரிந்தால்தான் இணைப்பு உண்மை. இரண்டு பேர், ஐந்து நிமிஷம், செலவு ஒன்றும் இல்லை.

இப்போது என் மேசையில் சமையலறைத் தராசு ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. வீட்டில் அதைத் தேடாத நாளில்லை. புது ஏலரானை நிறுத்துப் பார்த்தேன், கீலுக்கு முன்னால் மீன்பிடித் தூண்டில் ஈயம் வைத்தேன். போன மாதம் அதே ஏரியில், அதே உயரத்திலிருந்து இறக்கினேன். சத்தம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை எறிவதற்கு முன்னாலும் பையனைத் தண்டைப் பிடிக்கச் சொல்லி மடலை ஆட்டிப் பார்க்கிறேன். "எத்தனை தடவைப்பா?" என்கிறான். ஒவ்வொரு தடவையும்தான்.